ஆல்கஹால் இல்லையென்றால் போதுமா? இருமல் மருந்திடம் நாம் கேட்க மறந்த கேள்விகள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

 

மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஃபஜ்ருத் தொழுகையின் ஸஃபுகளிலேயே அது தெரிந்துவிடும். இமாம் ஓதிக்கொண்டிருக்கையில் வலப்பக்கத்தில் ஒருவர் இருமுவார். இடப்பக்கத்தில் இன்னொருவர் அடக்கிப் பார்த்து முடியாமல் அவரும் இருமுவார். ருகூவிலிருந்து நிமிரும்போது பாதி ஸஃப் தொண்டையைச் செருமிக்கொள்ளும். அன்று மாலை மருந்துக் கடைப் பக்கம் சென்றால், நம்மவர்கள் வந்து நின்று கேட்கும் வாசகம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “தம்பி, சளி இருமலுக்கு ஒரு மருந்து குடுங்க. ஆல்கஹால் இல்லாததாப் பாத்துக் குடுங்க.”

இக்கேள்வியை நாம் குறை கூறமாட்டோம். நம் வயிற்றுக்குள் செல்வது ஹலாலா என்று மருந்து விஷயத்திலும் விசாரிக்கும் பேணுதல் இன்னும் நம் குடும்பங்களில் உயிரோடு இருக்கிறதே, அல்ஹம்துலில்லாஹ்! நம் கவலை வேறு. இந்த ஒரு கேள்விக்கு “இல்லை” என்ற விடை வந்தவுடன் நம் கடமை முடிந்ததாக எண்ணிவிடுகிறோம். குப்பியில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம், எத்தனை நாள் கொடுக்கலாம் என்று கேட்பதில்லை. வீட்டுக்கு வந்தவுடன் அது சர்பத்தைப் போலப் பொதுவுடைமை ஆகிவிடுகிறது. வாப்பாவுக்கு வாங்கியதை உம்மா குடிக்கிறார். மிச்சத்தைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிறார். இன்னும் இருந்தால் அடுத்த வீட்டுக்கும் போகிறது.

திருக்குர்ஆன் நாம் உட்கொள்வதைப் பற்றிப் பேசுமிடத்தில் ஹலால் என்பதோடு தய்யிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அனுமதிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். தூய்மையானதாக, நன்மை பயப்பதாகவும் இருக்க வேண்டும். உணவுக்கே இவ்விரண்டும் வேண்டுமென்றால், நோயுற்ற உடலுக்குள் செலுத்தும் மருந்துக்கு எத்துணை வேண்டும்! ஹலாலுக்காக ஒரு கேள்வி கேட்கும் நாம், தய்யிபுக்காக இன்னும் சில கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

மருந்து செய்தல் சுன்னத். அறியாமல் மருந்து கொடுத்தல்?

நாட்டுப்புற அரபிகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என வினவியபோது, செய்துகொள்ளுமாறே நபியவர்கள் பணித்தார்கள். முதுமை ஒன்றைத் தவிர, நிவாரணம் வைக்காமல் அல்லாஹ் எந்த நோயையும் வைக்கவில்லை என்ற கருத்தையும் சேர்த்து அறிவித்தார்கள். உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் வழியாக வரும் இந்த ஹதீஸை நம்மில் பலரும் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம்.

அவ்வளவாகக் கேட்டிராத இன்னொரு ஹதீஸும் உண்டு. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மற்றவருக்கு மருத்துவம் செய்தால், விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி ஆவார் என்பது அதன் கருத்து. அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. போலி மருத்துவர்களைப் பற்றியது என்று நாம் அதைக் கடந்துவிடுகிறோம். ஆனால், “என் பையனுக்கு இதுதான் கேட்டுச்சு, உங்க பிள்ளைக்கும் குடுங்க” என்று பாதிக் குப்பியைச் சுவருக்கு மேலே நீட்டும் நம் கைக்கும் அந்த எச்சரிக்கையில் பங்கில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? அந்தக் கையை நீட்டச் செய்வது அன்புதான். எனினும் மருந்தைப் பொறுத்தவரை அன்பு மட்டும் போதாது.

முதற்கேள்வி: இது எந்த இருமல்?

இருமல் என்பது மூச்சுப்பாதையைத் துப்புரவு செய்ய அல்லாஹ் நம் உடலில் அமைத்துள்ள ஓர் ஏற்பாடு. நெஞ்சில் சளி கட்டியிருக்கும்போது வரும் இருமல் அந்தச் சளியை வெளியேற்றுவதற்காகவே வருகிறது. தொண்டை அரிப்பால் வரும் வறட்டு இருமலில் வெளியேற்ற ஒன்றும் இருப்பதில்லை. இவ்விரண்டுக்கும் மருந்துகள் வெவ்வேறு. அவை செய்யும் வேலையோ எதிரெதிர்.

சளி இருமலுக்குத் தரப்படுபவை சளியை இளக்கும் மருந்துகள். குவைஃபெனிசின், அம்ப்ராக்ஸால், புரோம்ஹெக்ஸின் ஆகியவை அவற்றுள் நம் கடைகளில் மிகுதியாகக் கிடைப்பவை. இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும் சளியை நீர்க்கச் செய்து, இருமும்போது எளிதாக வெளியேற இவை உதவுகின்றன. ஆகவே மருந்து குடித்த பிறகும் இருமல் வருகிறதே என்று கலங்க வேண்டியதில்லை. சளி வெளியேற இருமல் வரத்தான் வேண்டும். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், கோடீன் போன்றவையோ இருமலையே அடக்குபவை. நெஞ்சு நிறையச் சளியை வைத்துக்கொண்டு இவற்றைக் குடிப்பது, வீட்டைப் பெருக்கிக் குப்பையை வெளியே தள்ளும் நேரத்தில் வாசற்கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும்.

மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சளி இளக்கும் மருந்தால் கிடைக்கும் பயன் ஓரளவானதே. சாதாரண சளிக்காய்ச்சலைத் தொடர்ந்து வரும் இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவது. இரண்டு மூன்று வாரங்களில் தானே தணிந்துவிடும். மருந்து அந்நாட்களைச் சற்று எளிதாக்கலாம், நோயை விரட்டுவதில்லை. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறிவிட்டதாலேயே ஆன்டிபயாட்டிக் தேவை என்பதும் இல்லை. வெதுவெதுப்பான நீரை அடிக்கடி அருந்துவதும், புகை பிடிப்பவராயின் அதை விடுவதும், படுக்கையில் தலையைச் சற்று உயர்த்திக்கொள்வதும் மருந்துக்கு இணையான உதவிகள். குறிப்பாக, சளி இளக்கும் மருந்தைக் குடித்துவிட்டு நீர் அருந்தாமல் இருந்தால் மருந்தின் வேலையும் அரைகுறையாகிவிடும்.

இரண்டாம் கேள்வி: குப்பிக்குள் என்னென்ன இருக்கின்றன?

நம் நாட்டில் இருமல் மருந்து என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் பல, மூன்று நான்கு மருந்துகளின் கலவை. சளி இளக்கிகளோடு டெர்பியூட்டலின் அல்லது சால்பியூட்டமால் என்ற மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்து சேர்ந்திருக்கும். அது சிலருக்குக் கைநடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் உண்டாக்கும். இதய நோயாளிகளும் தைராய்டு மிகுந்தவர்களும் அதை மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் சேர்ந்திருந்தால் இரத்த அழுத்தம் உயரக்கூடும். குளோர்ஃபெனிரமைன் சேர்ந்திருந்தால் தூக்கம் வரும். அதைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டலாகாது. சிறுநீர் பிரிவதில் சிரமமுள்ள முதியவர்களுக்கு அச்சிரமம் கூடலாம்.

காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வரும் நேரத்தில்தான் அதிகமான தவறு நேர்கிறது. காய்ச்சலுக்கென ஒரு பாராசிட்டமால் மாத்திரை. சளிக்கென வேறொரு மாத்திரை. இருமலுக்கென ஒரு சிரப். மூன்றின் பெயரும் வேறு வேறு. உள்ளே பார்த்தால் மூன்றிலுமே பாராசிட்டமால் இருக்கக்கூடும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது அதன் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் ஈரல் பழுதடையும். பெட்டியின் முகப்பில் உள்ள பெரிய எழுத்து வணிகப் பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். நாம் படிக்க வேண்டியது சிறிய எழுத்தை.

நம் ஊர்களுக்கே உரிய ஒரு வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சபர் முடிந்து வரும் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து தைலத்தோடும் பேரீச்சம்பழத்தோடும் இருமல் மருந்தையும் கொண்டுவருகிறார்கள். அதில் அரபியில் எழுதியிருக்கிறது. நாள்தோறும் குர்ஆன் ஓதும் நம் வீட்டுப் பெரியவர்கள் அந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்தும் விடுவார்கள். ஆனால் அதன் பொருள், அளவு, எச்சரிக்கை எதுவும் விளங்காது. “சவூதி மருந்து, நல்லாக் கேக்கும்” என்ற நம்பிக்கை ஒன்றே அளவுகோலாகிறது. பொருள் விளங்காத மருந்தைக் குடிப்பதைவிட, அருகிலுள்ள மருந்தாளுநரிடம் அக்குப்பியைக் காட்டிக் கேட்பது எத்தனையோ மேல்.

இங்கிருந்து கொண்டுசெல்வோருக்கும் ஓர் எச்சரிக்கை. கோடீன் கலந்த இருமல் மருந்து பல வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் இத்தகைய மருந்துகளை எடுத்துச் செல்ல முன் அனுமதி வேண்டும். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் செல்வோரிடையே இருமல் மிகச் சாதாரணம் என்பதால், இருமல் மருந்தில்லாத பயணப்பை இல்லை எனலாம். உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்தும், மருத்துவரின் சீட்டோடும், மூடி திறக்காத பெட்டியோடும் எடுத்துச் செல்லுங்கள்.

கோடீனைப் பற்றிச் சொல்லும்போது நம் நெஞ்சைச் சுடும் உண்மையொன்றையும் மறைக்கலாகாது. இந்த மருந்தைப் போதைக்காகவே குடிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நம் மஹல்லாக்கள் அதற்கு விதிவிலக்கென்று எண்ணிக்கொள்வது ஏமாற்று. ஆல்கஹால் ஒரு துளியும் இல்லாத குப்பியும் போதை தரக்கூடும். போதை தருவதெல்லாம் விலக்கப்பட்டது என்பது நாமறிந்த சட்டம். ஆகவே “ஆல்கஹால் இல்லை” என்ற சொல் ஹலாலுக்கேகூட முழுமையான சான்றிதழ் ஆகாது. மருந்தில் கரைப்பானாகச் சேரும் சிறிதளவு ஆல்கஹாலைப் பற்றி அறிஞர்களிடையே விரிவான கருத்துகள் உள்ளன. அதை உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். சளி இளக்கும் மருந்துகளில் ஆல்கஹால் இல்லாதவை இன்று தாராளமாகக் கிடைக்கின்றன என்பதால் இவ்விஷயத்தில் நெருக்கடியும் பெரிதாக இல்லை.

மூன்றாம் கேள்வி: குடிப்பவர் யார்?

2022-ஆம் ஆண்டு காம்பியா என்னும் சிறிய ஆப்பிரிக்க நாட்டில் சுமார் 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தனர். இந்தியாவிலிருந்து சென்ற சிரப்புகளோடு அம்மரணங்களைத் தொடர்புபடுத்தி, அவ்வாண்டு அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் இந்தோனேசியாவில், அங்கேயே தயாரான சிரப்புகளால் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். உஸ்பெகிஸ்தானில் 60-க்கும் மேற்பட்டோர். மூன்றுமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். அச்செய்திகளைப் படித்து “இன்னா லில்லாஹி” என்று கூறிவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டினோம்.

2025 அக்டோபரில் அது நம் வாசலுக்கே வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு கண்டது. அனுமதிக்கப்பட்ட வரம்போ 0.1 விழுக்காடு மட்டுமே. சிரப்புகளில் மருந்தைக் கரைக்கப் பயன்படும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் ஆகியவற்றின் இடத்தில் தொழிற்சாலை நச்சு புகுந்துவிடும்போது இத்தகைய பேரழிவு நிகழ்கிறது. நச்சும் இனிப்பாகவே இருப்பதால் நாவால் கண்டறிய முடியாது.

அப்பிள்ளைகளின் பெற்றோரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்ததை நம்பி வாங்கியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். குற்றம் தயாரித்தவர்களுடையது, கண்காணிக்கத் தவறியவர்களுடையது. ஆயினும் நம் கையில் இருக்கும் காவல் ஒன்று உண்டு. தேவையில்லாத சிரப்பைப் பிள்ளைக்குக் கொடுக்காதிருப்பதே அது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகள் தரலாகாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாக அவை பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்றும் இந்திய சுகாதாரத் துறை அந்நாட்களில் அறிவுறுத்தியது. ஆகவே சிறு குழந்தைக்கு இருமல் மருந்தைக் கடையில் நாமாகக் கேட்டு வாங்குவதை அடியோடு நிறுத்துவோம். மருத்துவர் எழுதித் தந்தால் கடைச் சீட்டையும் குப்பியையும் பத்திரப்படுத்துங்கள். தொகுதி எண் அதில் இருக்கிறது. மருந்து குடித்த பிள்ளை தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தாலோ ஒரு வேளைகூடக் காத்திராமல், குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அப்படியானால் பிள்ளையின் இருமலுக்கு எதைத்தான் கொடுப்பது? ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம். படுக்கும் முன் சிறிதளவு தேன், தொண்டையை இதமாக்கி இருமலைத் தணிக்கிறது என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் இறைவன் அறிவிப்பதை நாமறிவோம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. சில வேளைகளில் தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள், பக்குவப்படாத குடலில் முளைத்து, உடல் தளர்ந்து மூச்சே நின்றுவிடும் அளவுக்கு நச்சை உண்டாக்கக்கூடும். பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவுவதை மார்க்கக் கடமை போல எண்ணும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. தஹ்னீக் செய்கையில் நபி (ஸல்) அவர்கள் பயன்படுத்தியது பேரீச்சம்பழம் என்பதை அவர்களிடம் பணிவோடு எடுத்துச் சொல்லலாம்.

முதியவர்களின் நிலை வேறு. நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. பெரும்பாலான சிரப்புகளில் சர்க்கரை உண்டு. சர்க்கரை சேராதது எது என்று கேட்டு வாங்க வேண்டும். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுவோர் அவற்றின் சீட்டை மருந்தாளுநரிடம் காட்டிய பிறகே இருமல் மருந்தை வாங்குவது முறை. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் தாமாக எதையும் குடிக்கலாகாது.

நான்காம் கேள்வி: எவ்வளவு, எப்போது?

மருந்துச் சீட்டில் ஒரு தேக்கரண்டி என்றால் 5 மில்லி. நம் அடுக்களைக் கரண்டிகளோ ஒவ்வொன்றும் ஓர் அளவு. மூடியோடு வரும் அளவுக் குவளையைத் தூக்கியெறிந்துவிட்டுக் குப்பியை அப்படியே வாயில் சாய்த்துக்கொள்ளும் வாப்பாமாரை நாம் பார்த்திருக்கிறோம். வியாபாரத்தில் அளவையை நிறைவாக்கும்படி திருக்குர்ஆன் திரும்பத் திரும்பக் கட்டளையிடுகிறது. தராசில் நேர்மையைப் பேணும் சமுதாயம் மருந்துக் குவளையிலும் கோடு பார்த்து ஊற்றலாமே! எடுத்துக்காட்டாக, குவைஃபெனிசின் மட்டும் உள்ள மருந்தானால் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 முதல் 400 மில்லிகிராம். 24 மணி நேரத்தில் 2400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கலவை மருந்துகளில் கணக்கு வேறாகும்; குப்பியின் மீதுள்ள அளவே அவற்றுக்குச் சட்டம்.

ரமளானில் இது இன்னும் கவனத்துக்குரியது. மருந்தை விழுங்கினால் நோன்பு முறியும் என்பதால், பகலில் விட்டுப்போன வேளைகளை ஈடுசெய்யும் எண்ணத்தில், நோன்பு திறந்தவுடன் இரண்டு மடங்காகக் குடித்துவிட்டுத் தராவீஹுக்குச் செல்வோர் உண்டு. விட்டுப்போன வேளை போனதுதான். அதைச் சேர்த்துக் குடிக்கலாகாது. நோன்பு திறந்தபின் ஒரு வேளை, ஸஹரில் ஒரு வேளை என்று அமையுமாறு மருத்துவரிடம் கேட்டால் அவர் மாற்றித் தருவார். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் மாத்திரை தரப்பட்டால் அதை உடைக்காமலும் பொடிக்காமலும் முழுதாக விழுங்க வேண்டும். நோய் கடுமையானால் நோன்பை விட்டுப் பிறகு நோற்றுக்கொள்ளும் சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கிறான். அவன் தந்த சலுகையை ஏற்பதில் இழுக்கொன்றுமில்லை.

ஐந்தாம் கேள்வி: எதுவரை?

நாமாக வாங்கிய இருமல் மருந்துக்கு ஒரு வாரம் போதிய அவகாசம். அதற்குள் சற்றும் குறையாவிட்டால் இரண்டாவது குப்பி வாங்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். காசநோய்க்கான அப்பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சர்க்கரை நோயாளிகளைக் காசநோய் எளிதில் பற்றும். “பெண் கொடுக்க வேண்டிய வீடு, வெளியே தெரியக்கூடாது” என்று அஞ்சி, மாதக்கணக்கில் இருமல் சிரப்பையே குடித்துக்கொண்டிருப்போர் தம் நுரையீரலையும், தம்மோடு ஒரே அறையில் உறங்கும் பிள்ளைகளையும் சேர்த்தே ஆபத்துக்குள்ளாக்குகிறார்கள்.

சளியில் இரத்தம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விடாத காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் நாட்களை எண்ணிக்கொண்டிராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். குழந்தையாயின் அதன் மூச்சை ஒரு நிமிடம் முழுதும் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, அது நிமோனியாவாக இருக்கலாம். அதைச் சிரப்பால் ஆற்ற முடியாது. தஸ்பீஹை விரல்களில் எண்ணிப் பழகிய நம் தாய்மாருக்கு இந்த எண்ணிக்கை கடினமாக இராது.

இரண்டு மறுப்புகள்

“சிறு இருமலுக்கெல்லாம் மருத்துவருக்கு நானூறு ரூபாய் கொடுக்க முடியுமா?” என்று கேட்போர் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எல்லா இருமலுக்கும் மருத்துவரிடம் ஓடுங்கள் என்று நாம் கூறவில்லை. கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குக் கடையிலுள்ள மருந்தாளுநரே விடை சொல்லக் கடமைப்பட்டவர், அதற்குக் கட்டணமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்வதற்கும் பணம் வேண்டியதில்லை.

“ஆயுள் இருந்தால் பிழைக்கும், எல்லாம் கத்ருப்படிதான்” என்பது மற்றொரு மறுப்பு. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் அறிந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மக்களோடு திரும்பிச் செல்ல முடிவெடுத்தபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அவனது ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். எச்சரிக்கையும் விதிக்குள் அடங்கியதே என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

இனி நாம் செய்யக்கூடியது

முதலில், இன்று மாலையே வீட்டின் மருந்துப் பெட்டியைத் திறங்கள். காலாவதியானவற்றையும், பெயர் அழிந்தவற்றையும், எப்போது திறந்தோம் என்று நினைவில்லாதவற்றையும் பிள்ளைகள் கைக்கு எட்டாதவாறு அப்புறப்படுத்துங்கள். எஞ்சியவற்றின் மீது யாருக்கு வாங்கியது, எந்த நாளில் திறந்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

அடுத்து, நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம், பெண்கள் பயானில் ஒரு மணி நேரம், ஊரிலுள்ள மருத்துவர் ஒருவரையோ மருந்தாளுநரையோ அழைத்துப் பேசச் செய்யுங்கள். நம் பிள்ளைகளிலேயே மருந்தியல் படித்தவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. நிக்காஹ் அழைப்பிதழில் பட்டத்தை அச்சிட்டதோடு அப்படிப்பு நின்றுவிடாமல் சமுதாயத்துக்குப் பயன்படட்டும். ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பாகும் என்பது நமக்கு அருளப்பட்ட வேதத்தின் பாடம்.

அடுத்த முறை மருந்துக் கடையில் நிற்கும்போது நம் வழக்கமான கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். விடை கிடைத்தபின் அங்கேயே இன்னும் இரண்டு நிமிடம் நின்று, எஞ்சிய ஐந்தையும் கேளுங்கள்: எந்த இருமலுக்கு, உள்ளே என்ன, யாருக்கு, எவ்வளவு, எதுவரை? அந்த இரண்டு நிமிடத்தையும் அல்லாஹ் இபாதத்தாக ஏற்றுக்கொள்வானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு, அவர்கள் எந்நாட்டவராயினும் எம்மதத்தவராயினும், பொறுமையையும் ஆறுதலையும் தருவானாக!

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.